இந்திராணி சொன்னதும் நான் சொன்னதும்

பதுளையில் நடந்த மொழிபெயர்ப்பாளர் பயிற்சியின் கடைசி நாள், உங்களில் ஒரு தங்கை எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "டீச்சர், ஒருத்தர் கோபத்துல பேசினா அதை அப்படியே சொல்லணுமா? கொஞ்சம் பக்குவமா மாத்திச் சொன்னா எல்லாருக்கும் நல்லதுதானே?"

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. "மாத்தக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் போதவில்லை. பக்குவமாக மாற்றிச் சொல்வதில் பெயர் வாங்கியவள் நான். அந்தப் பெயர் ஒரு மத்தியானத்தில் எப்படிப் போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஹாலிஎலயில் ஆங்கில ஆசிரியையாக இருந்துவிட்டு, வெளிநாட்டு உதவியில் நடக்கும் திட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தவள் நான். அதனால்தான் இன்னும் எல்லோருக்கும் டீச்சர். அப்போது எங்கள் திட்டம் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் சட்ட உரிமைப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தது. பணம் ஐரோப்பாவில் ஒரு நாட்டிலிருந்து வந்தது. பொலிஸில் முறைப்பாடு கொடுப்பது எப்படி, தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை என்ன, அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் எந்த ஆணைக்குழுவுக்கு மனு எழுதலாம், இதெல்லாம்தான் பாடம். வகுப்பு முடிந்தால் சான்றிதழ் உண்டு.

இரண்டாம் வருடம் முடியும்போது, பணம் தரும் நாட்டிலிருந்து மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். தலைவி, ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி. வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தார். பேச்சு குறைவு. அவர்கள் எழுதப்போகும் அறிக்கையில்தான் மூன்றாம் வருடம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

பண்டாரவளையில் தங்கியிருந்த அவர்களை ஏற்றிக்கொண்டு காலையில் வேனில் நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குக் கிளம்பினோம். எங்கள் திட்ட இயக்குநர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொழும்புக்காரர், நல்ல மனிதர், அன்று காலை ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை.

"டீச்சர், இன்னைக்கு நல்லபடியா முடியணும்" என்றார் மெதுவாக. "பதினாலு பேர் வேலை. உங்களதும் சேர்த்து."

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொள்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கேட்பதும் சொல்வதும்தான் வேலை.

கூட்டம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. தொட்டில் சேலைகளை ஓரமாகச் சுருட்டிக் கட்டிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நாற்பது பெண்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வெளியே பனிமூட்டம் இறங்கி எதிரே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தை மறைத்துவிட்டிருந்தது.

எங்கள் வெற்றிக் கதையாக நாங்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தவர் இந்திராணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். வகுப்பில் படித்ததை வைத்து உண்மையிலேயே ஆணைக்குழுவுக்கு மனு எழுதியவர் அவர் ஒருவர்தான். நடந்தது இதுதான். அவருடைய மகள் சுகன்யா பண்டாரவளையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்கு நடக்கும் வழியில் ஓர் ஆள் பல நாள் பின்தொடர்ந்து வந்து, ஒருநாள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். இந்திராணி பொலிஸுக்குப் போனார். அங்கே தமிழில் எழுத ஆளில்லை. அவர் தமிழில் சொன்னார், அவர்கள் சிங்களத்தில் எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்தத் தாளில் "இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன, மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று இருந்தது. அந்த ஆள் மறுநாளும் அதே வழியில் நின்றான். சுகன்யா வகுப்பை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகுதான் இந்திராணி எங்கள் வகுப்புக்கு வந்தார், மனு எழுதினார்.

இவ்வளவும் எங்கள் கோப்பில் இருந்தது. அதற்குமேல் என்ன ஆனது என்று எங்களில் ஒருவரும் போய்க் கேட்கவில்லை.

இந்திராணி எழுந்து நின்றார். காகிதம் ஒன்றும் கையில் இல்லை.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே மனு எழுதினேன்" என்று தொடங்கினார். "விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதமும் போட்டிருக்காங்க. ஆனா அது தோட்ட ஆபிஸ்லயே கெடந்துச்சு. எங்க லயத்துக்குத் தபால்காரர் வர மாட்டாரு. எங்களுக்கு வீட்டு நம்பரும் இல்ல, ரோட்டுப் பேரும் இல்ல. என் கையில கெடைக்கிறப்போ தேதி தாண்டி பதினோரு நாளு. நான் வரலன்னு பைலை மூடிட்டாங்க. என் புள்ள இன்னும் வீட்டுக்குள்ளயே இருக்கா. நீங்க குடுத்த சான்றிதழ் செவுத்துல தொங்குது. வெலாசமே இல்லாதவளுக்கு உரிமையப் படிச்சுக் குடுத்து என்னா பிரயோசனம்?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: பயிற்சியின் உதவியால் தன்னம்பிக்கையோடு மனு எழுதியதாக இவர் கூறுகிறார். தபால் தொடர்பில் சில தாமதங்கள் ஏற்பட்டிருக்கின்றன. மகளின் நலன் குறித்து அக்கறையோடு இருக்கிறார். இந்த முயற்சி இன்னும் வலுப்பெற வேண்டும் என்று விரும்புகிறார்.

தம்பி தங்கைகளே, கவனியுங்கள். இதில் முழுப் பொய் என்று ஒரு வரியைக் காட்ட முடியாது. அதுதான் இதன் ஆபத்து. சொல்லும்போது எனக்கு உறுத்தவும் இல்லை. வாக்கியம் அழகாக வந்ததில் ஒரு திருப்திகூட இருந்தது.

வந்திருந்த மூவரும் புன்னகைத்தார்கள். ஒருவர் இரண்டு தடவை கை தட்டினார். இயக்குநர் மூச்சு விட்டார். அடுத்தவரை அழைக்கப் பட்டியலை எடுத்தார்.

இந்திராணி உட்காரவில்லை.

"டீச்சர், ஒரு நிமிஷம்" என்றார். "நான் சொன்னதுல சிரிக்கிறதுக்கு என்னா இருக்கு?"

நான் இயக்குநரின் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தேன்.

"நீங்க அவங்ககிட்ட என்னா சொன்னீங்களோ, அத எனக்குத் தமிழ்ல சொல்லுங்க."

இயக்குநர் என் பக்கம் சாய்ந்து, "அடுத்த ஆளுக்குப் போவோம், டீச்சர்" என்றார். அதே நேரம் நீதிபதியம்மா என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார், "இவர் என்ன கேட்கிறார்?"

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். தேநீர் எப்போது என்று கேட்கிறார் எனலாம். நன்றி சொல்கிறார் எனலாம். அங்கே இரண்டு மொழியும் முழுதாகத் தெரிந்தவர்கள் இயக்குநரும் நானும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்திராணியின் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபத்தைவிட, பழகிப்போன ஒரு சலிப்பு இருந்தது. பொலிஸ் நிலையத்திலும் இவர் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. இவர் ஒன்று சொல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் வேறொன்று எழுதிக்கொண்டிருக்க. அந்தத் தாளை எழுதிய ஆளும் என்னைப் போலவே, "எல்லாருக்கும் நல்லதுதானே" என்று நினைத்திருப்பாரோ என்னவோ.

எழுந்து நின்றேன். நீதிபதியம்மாவிடம் சொன்னேன்: "இவர் என்னைப் பற்றிக் கேட்கிறார். இவர் பேசியதை நான் சரியாகச் சொல்லவில்லை. மென்மையாக்கிச் சொன்னேன். தவறு என்னுடையது. திரும்பவும் சொல்ல அனுமதி வேண்டும்."

பிறகு இந்திராணியிடம் திரும்பி, நான் ஆங்கிலத்தில் சொன்ன நான்கு வரியையும் தமிழில் சொன்னேன். "தாமதங்கள்" என்ற இடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் முப்பது வருட வேலையில் நான் அதைவிடக் கூசிய இடம் வேறில்லை.

"திரும்பச் சொல்லுங்க, இந்திராணி" என்றேன். "ஒரு வரி சொல்லி நிறுத்துங்க. நான் ஒரு வரி சொல்றேன். இங்க இங்கிலீஸ் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வந்து பக்கத்துல நில்லுங்க. நான் தப்பாச் சொன்னா நிறுத்துங்க."

ஒருவரும் எழவில்லை. பிறகு கதவோரத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பத்தொன்பது வயது. சாயம் போன பச்சைச் சட்டை. "எனக்குக் கொஞ்சம் தெரியும்" என்றாள். அவள்தான் சுகன்யா. தாய் பேசுவதைக் கேட்க வந்து ஒளிந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

இந்திராணி ஒரு வரி சொன்னார். நான் ஒரு வரி சொன்னேன். சுகன்யா தலையாட்டினாள். "பதினோரு நாளு" என்றார், சொன்னேன். "பைலை மூடிட்டாங்க" என்றார், சொன்னேன். "என் புள்ள இன்னும் வீட்டுக்குள்ளயே இருக்கா" என்ற இடத்தில் சுகன்யா தலையாட்டாமல் தரையைப் பார்த்தாள். நான் அதையும் சொன்னேன். கடைசிக் கேள்வியை ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன்: "விலாசமே இல்லாதவளுக்கு உரிமையைப் படித்துக் கொடுத்து என்ன பிரயோசனம்?"

இந்தத் தடவை யாரும் புன்னகைக்கவில்லை. நீதிபதியம்மா தன் முன்னாலிருந்த நிகழ்ச்சி நிரலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"அந்தக் கடிதம் கிடந்த இடத்தைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

எல்லோருமாகத் தோட்ட ஆபிஸுக்கு நடந்தோம். அங்கே ஒரு மரப்பெட்டியில் கடிதங்கள் குவிந்திருந்தன. எழுதுவினைஞர் வயதானவர். எங்களைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார். "வேணும்னு வைக்கலைங்க. எல்லாக் கடிதத்துலயும் பேரும் தோட்டமும்தான் இருக்கு. மாரிமுத்துன்னே இங்க அஞ்சு பேர் இருக்காங்க. யாராவது வந்து கேட்டாத்தான் குடுக்க முடியுது" என்றார். அவர் சொன்னதையும் வரிக்கு வரி சொன்னேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வரலாமா என்று கேட்டது இந்திராணிதான். எழுதுவினைஞர் யோசித்தார், பிறகு தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். இந்திராணி ஒவ்வொரு உறையாக எடுத்துப் பெயரை உரக்க வாசிக்க, பெண்கள் எழுந்து வந்து வாங்கினார்கள். ஒருவருக்கு ஆஸ்பத்திரி கிளினிக் தேதி. ஒருவருக்கு அடையாள அட்டைக் கந்தோரிலிருந்து, ஒரு பத்திரம் குறைகிறது என்று. ஒரு பெண் உறையைப் பிரித்து, தம்பிக்கு நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு வந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தேதியைத் தேடினாள். "நாளான்னைக்கு!" என்று கத்தினாள். "நாளான்னைக்குத்தான்! இன்னும் நாள் இருக்கு!" கடிதத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள் லயத்தை நோக்கி ஓடினாள். மற்றவர்கள் கை தட்டினார்கள். முதலில் தட்டியவர் நீதிபதியம்மா. அந்தக் கைதட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பும் வழியில் அவர்களைப் பண்டாரவளையில் இறக்கிவிட்டு, இயக்குநரும் நானும் ஹாலிஎலவுக்கு வந்தோம். என் வீட்டுக்குத் திரும்பும் முடக்கில் வேன் நின்றதும், "டீச்சர், நீங்க செஞ்சது சரின்னு தெரியுது. ஆனா என்னால இப்ப அதைச் சொல்ல முடியல" என்றார். அன்று எனக்குக் கிடைத்த நேர்மையான பேச்சுகளில் அதுவும் ஒன்று. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வீட்டில் அப்படியே சொல்லியும் விட்டேன்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. மூன்றாம் வருடம் உண்டு. ஆனால் வகுப்புகளைப் பாதியாக்கி, மீதிப் பணத்தைக் கொண்டு லயங்களுக்கு விலாசம் ஏற்படுத்தும் வேலையைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். கூடவே பொலிஸாருக்குத் தமிழில் வாக்குமூலம் எழுதும் பயிற்சியும். இயக்குநர் அறிக்கையை என் மேசையில் வைத்து, "இப்ப சொல்றேன். நீங்க செஞ்சது சரி" என்றார்.

காசு வந்தால் விலாசம் வந்துவிடும் என்று நினைத்தோம். வரவில்லை. தபால் திணைக்களம், பிரதேச சபை, தோட்ட நிர்வாகம் மூன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டும் மெதுவாக அசைந்தன. தோட்டத்துத் துரை அசையவே இல்லை. "இன்று இலக்கம் கேட்பார்கள், நாளைக்கு வீடே எங்களுடையது என்பார்கள்" என்று பேச்சுவார்த்தையில் சொன்னார். அவர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேச, நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்திராணி பொறுமையாகக் கேட்டார்.

"தொர, உங்க கடிதமெல்லாம் எங்க வருது?"

"பங்களாவுக்கு."

"பங்களா உங்களோடதா, கம்பெனியோடதா?"

"கம்பெனியுடையது" என்றார்.

"அப்ப வெலாசம் இருந்தா வீடு சொந்தமாயிராது போலருக்கே. எங்களுக்கும் அந்த மாதிரி ஒண்ணு குடுங்க. இன்னைக்கு வேற ஒண்ணும் கேக்கல."

நான் "இன்னைக்கு" என்ற சொல்லையும் விடாமல் சொன்னேன். துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. முழுதாக ஒத்துக்கொள்ள இன்னும் நான்கு கூட்டங்கள் ஆயின என்றாலும், கதவு திறந்தது அங்கேதான்.

பாதைகளுக்குப் பெயர் வைக்கும் நாள் ஒரே சண்டை. ஒருவர் சாமி பெயர் என்றார், ஒருவர் தலைவர் பெயர் என்றார். கடைசியில் தண்ணீர் பிடிக்கும் பீலி இருக்கும் பாதை பீலிக்கரைப் பாதை, பலாமரம் நிற்கும் பாதை பலாமரப் பாதை என்று முடிந்தது. ஒவ்வொரு கதவிலும் இலக்கம் ஏறியது. முதல் நாள் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தபோது, வேலைக்குப் போகாத எல்லோரும் வாசலில் நின்றார்கள். கடிதமே இல்லாத வீட்டுக்காரர்கள்கூட நின்றார்கள்.

இதற்கிடையில் எங்கள் சட்ட உத்தியோகத்தர் எழுதிய விளக்கத்தை ஏற்று, ஆணைக்குழு இந்திராணியின் கோப்பை மறுபடியும் திறந்திருந்தது. விசாரணைத் தேதி குறித்த பதிவுத் தபால் இலக்கம் ஏழு, பீலிக்கரைப் பாதைக்கு, ஒன்பது நாள் முந்தியே வந்து சேர்ந்தது. பதுளையில் நடந்த விசாரணையில் நான்தான் மொழிபெயர்த்தேன். இந்திராணி கையெழுத்திட்ட சிங்கள வாக்குமூலத்தை எடுத்து வாசித்தார்கள். ஒவ்வொரு வரியாக அவருக்குத் தமிழில் சொன்னேன். தன் பெயரால் என்ன எழுதியிருந்தது என்பதை முழுவதுமாக அவர் அன்றுதான் கேட்டார். முடிந்ததும், "கையெழுத்து என்னோடது. பேச்சு என்னோடது இல்ல" என்றார். வாக்குமூலத்தைத் தமிழில் புதிதாக எடுக்க வேண்டும் என்று ஆணைக்குழு பரிந்துரை செய்தது.

அதை எடுத்த நாள்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிய நாள். அதே பொலிஸ் நிலையம். எங்கள் பயிற்சியை முடித்து அங்கே புதிதாக வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண் கான்ஸ்டபிள் மேசையில் இருந்தார். நான் தேவைப்படவில்லை. இந்திராணி கூப்பிட்டதால் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். தாயும் மகளும் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதினார், பிறகு உரக்க வாசித்துக் காட்டினார். "மேற்படி நபர் எனது மகளுக்குத் தொந்தரவு செய்தார்" என்ற இடத்தில் இந்திராணி கையை உயர்த்தினார்.

"அப்பிடிச் சொல்லல நான்."

"அர்த்தம் ஒண்ணுதான் அக்கா. இது எழுத்து நடை."

"ஒண்ணு இல்ல. கையப் புடிச்சு இழுத்தான்னு சொன்னேன். அத எழுதுங்க."

கான்ஸ்டபிள் பேனையோடு என் பக்கம் திரும்பினார், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சுகன்யாவைப் பார்த்தார். "ஆமா" என்றாள் சுகன்யா. "கையப் புடிச்சு இழுத்தான். நான் சத்தம் போட்டேன். அதையும் எழுதுங்க." கான்ஸ்டபிள் அந்த வரியை வெட்டி, மேலே புதிதாக எழுதி, ஓரத்தில் தன் கையொப்பமும் வைத்தார்.

இந்திராணி தாளைத் திருப்பி வாங்கி, விரலை வைத்து முதலிலிருந்து கடைசி வரை தானே வாசித்தார். நீண்ட நேரம் எடுத்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். அவர் அவசரப்படவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

அந்த ஆள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டனையும் கிடைத்தது. சுகன்யா வகுப்பை முடித்து, பண்டாரவளையில் வேலை பார்க்கிறாள். நம் தொழிலுக்கு வா என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். "அம்மா பேச்சுக்கு அன்னைக்குத் தலையாட்டினதே போதும் டீச்சர்" என்று சிரித்துவிட்டாள்.

கேள்வி கேட்ட தங்கைக்கு இப்போது பதில் சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். ஒருவர் கோபமாகப் பேசுவார். பக்கத்திலிருக்கும் நல்ல மனிதர் ஒருவர் உங்களைப் பார்ப்பார். அவர் பயமும் உண்மையானதுதான். அந்த நேரம் அவரைப் பார்க்காதீர்கள். பேசியவரைப் பாருங்கள், அவர் சொன்ன முதல் வரியிலிருந்து தொடங்குங்கள்.